ப்ரூஃப் அண்ணாச்சி

சிவகாசியில் எல்லாமே ஆபீஸ்தான். வெடி கட்டுகிற இடம் பயர் ஆபீஸ், குச்சி அடைக்கிற இடம் தீப்பெட்டி ஆபீஸ், காகிதம் ஓடுகிற இடம் அச்சாபீஸ். எங்கள் தெரு அண்ணாச்சி அச்சாபீஸ்காரர். தினசரி காலண்டருக்கு ப்ரூஃப் பார்க்கிறார். மேஷத்துக்கு லாபம், ரிஷபத்துக்கு அலைச்சல் எல்லாம் அவர் பேனா பட்டுத்தான் தமிழ்நாட்டுச் சுவர்களுக்குப் போகும். தாளின் அடியில் இரண்டு வரிப் பொன்மொழி இருக்குமே, அதைப் பொறுக்கிப் போடுவதும் அவர்தான். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷ ஆல்பம் வெளியாகிவிட வேண்டும். அதனால் ஊர் அடுத்த வருஷ டிசம்பரில் படிக்கப்போகிற புத்தி, அண்ணாச்சிக்கு இந்தச் சித்திரையிலேயே மனப்பாடம்.

இப்பேர்ப்பட்டவர்தான் தன்னை முன்னேற்றிக்கொள்ள தினம் ராத்திரி சாப்பிட்ட கையோடு யூடியூபில் உட்கார்ந்துவிடுகிறார்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, செல்போனை மூக்கு நுனிக்குக் கொண்டுபோவார். முதல் பரீட்சை முகப்புப் படத்துக்கு. அச்சாபீஸ் கண் ஆளைப் பார்க்காது, மையைப் பார்க்கும். “மெஜந்தா தூக்கி நிக்குது தம்பி. மூஞ்சியே வெந்துபோய்க் கெடக்கு, இவன் எங்க மனசைக் குளுமையா வைக்கச் சொல்லித் தர?” தள்ளினார். அடுத்தது, மஞ்சள் எழுத்துக்குச் சிவப்புக் கரை. “சாத்தூர் சேவுக்கடை போர்டு.” தள்ளினார். அடுத்தவர் கோட்டு சூட்டு. பங்குனி வெயிலில் கோட்டுப் போடுகிறவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்னொருவருக்குப் பின்னால் அலமாரி நிறையப் புத்தகம். விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஒரு முதுகும் மடங்கல. வாங்குனபடியே நிக்குது” என்றார்.

இதையெல்லாம் தாண்டி வருகிற வீடியோவுக்குத் தலைப்பில் கண்டம். ‘தன்நம்பிக்கை பெறுவது எப்படி?’ என்று ஒருவர் போட்டிருந்தார். அண்ணாச்சியின் வலது கை தானாகச் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடியது. “தன்னம்பிக்கைக்கு ரெண்டு சுழி எங்க போடணும்னே தெரியல. இவன்கிட்ட அது எப்படி இருக்கும்?”

அவருடைய அப்பாவுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. கிளை நூலகத்தில் அப்துற் றஹீம் எழுதிய முன்னேற்ற நூல் ஒன்று இருக்கும், பின்னாளில் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ வந்தது. யாராவது எடுத்துப் போயிருந்தால் அந்த வாரம் முன்னேற்றம் கிடையாது. இருந்தால் அதுதான். மெஜந்தா பார்க்க வழியில்லை.

போன வாரம் ஓர் அதிசயம் நடந்தது. ஒரு வீடியோ எல்லாப் பரீட்சையிலும் தேறியது. நம்மூர்க் கதைதான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய், மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை. மழை பொய்த்த பூமி, கையில் தொழில் இல்லாத ஊர், பாஷை தெரியாத பட்டணத்துக்குக் கிளம்பிய இரண்டு இளைஞர்கள். எனக்கே ரோமம் சிலிர்த்தது. அண்ணாச்சியும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆஹா, இன்றைக்கு மனுஷர் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். பின்னணிக் குரல், “சிவகாசி என்ற அந்தக் குக்கிராமத்திலிருந்து…” என்றது.

நிறுத்திவிட்டார்.

“குக்கிராமமா? 1920லயே முனிசிபாலிட்டி!”

மீதி வீடியோவில் அந்த இருவரும் ஊர் திரும்பினார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாதிருந்திருக்கும், தெருவுக்கு இரண்டு தீப்பெட்டி ஆபீஸ் மட்டும் இல்லாவிட்டால்.

மதினி பயர் ஆபீசுக்குப் போகிறவள். அங்கே வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள், மருந்து இருக்கிற இடமல்லவா. காலையில் கொடுத்தால் சாயங்காலம்தான் கைக்கு வரும். அதற்குள் அவள் விரல்கள் எத்தனை சரம் பின்னியிருக்கும் என்பதைக் கூலிச்சீட்டைப் பார்த்தால் தெரியும். வீட்டுக்கு வந்து உலை வைத்து, குடத்தை நிரப்பி, பிள்ளையைப் படிக்கவைத்துவிட்டு வந்து கேட்பாள்:

“என்ன, பாத்து முடிச்சாச்சா?”

“இன்னும் ஒண்ணும் அமையலம்மா.”

நேற்று நான் போயிருந்தபோது இந்தப் பேச்சு முடிந்த கையோடு அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். அண்ணாச்சி ப்ரூஃப் பார்த்த காலண்டர்தான் தொங்கியது. பன்னிரண்டு நாள் கிழிபடாமல் கிடந்தது. அவள் அத்தனையையும் ஒரே இழுப்பில் கிழித்தாள். “பொன்மொழியைப் படிச்சிட்டுக் கிழி” என்று அண்ணாச்சி செல்போனிலிருந்து தலையெடுக்காமலே சொன்னார்.

மதினி தாள்களைக் கவிழ்த்துப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பால் கணக்கு எழுத உட்கார்ந்துவிட்டாள்.