அத்தானின் அரியர்

பிளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கும்போதே அக்கா போன் போட்டுவிட்டாள். "ஏலே, வெயில் ஏறுமுன்ன ஒரு எட்டு வந்துட்டுப் போ. பிள்ளைக்கு இன்ஜினியரிங் சேர என்னென்ன வேணும்னு சொல்லு." இரண்டு குடும்பத்திலும் இன்ஜினியர் நான் ஒருவன்தான். ஆனால் நான் சேர்ந்தது நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில், 300க்குக் கட் ஆஃப் பார்த்து. 2007இல் அந்தத் தேர்வோடு என் அனுபவமும் காலாவதி. அக்காவிடம் இதை யார் சொல்வது?

பாளையங்கோட்டையில் போய் இறங்கினால், வீடே கட் ஆஃப் போட்டுக்கொண்டிருந்தது. கணக்கு மார்க் முழுசாக. பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதிப்பாதி. கூட்டினால் 200க்கு எவ்வளவு என்று வந்துவிடும். மார்க் வரத்தான் மே மாசம் ஆகும், கூட்டலுக்கு என்ன? பால் அட்டையின் பின்பக்கம் ஆச்சி 196.5 போட்டு வைத்திருந்தாள். அத்தான் 188.

"எல்லாரும் எழுதி முடிச்சிட்டாங்க மாமா, நான்தான் பாக்கி" என்றாள் மருமகள்.

எனக்குத் தெரிந்த உருப்படியான வேலை, காகிதம் சேர்ப்பது. ரிசல்ட் வந்தால் இ-சேவை மையத்தில் ஊரே நிற்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று எழுதிக்கொண்டே வந்து, "முதல் பட்டதாரிச் சான்று நமக்குக் கிடையாது, அத்தான் பி.காம்." என்று அடித்தேன். குடும்பத்தில் யாரும் டிகிரி முடித்திருக்கக் கூடாது. அப்படியானால் கலந்தாய்வில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. (தாய்மாமனை அரசாங்கம் குடும்பத்தில் சேர்க்கவில்லை. சீர் செய்ய மட்டும்தான் நாங்கள்.)

அத்தான் எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்தார். "அதையும் எழுதிக்கோ மாப்ளே."

கல்யாணப் பத்திரிகையில் அவர் பேருக்குப் பின்னால் பி.காம். என்று தங்க எழுத்தில் அடித்திருந்தது.

"படிச்சேன்னுதான போட்டோம். பாஸுன்னு போட்டோமா?" என்றார். காஸ்ட் அக்கவுண்டிங் ஒரு பேப்பர் நின்றுபோயிருக்கிறது. டவுன் அரிசி மண்டி ஒன்றில் இன்றைக்கும் மொத்தக் கணக்கும் பார்ப்பவர் அவர்தான்.

அக்கா முந்தானையை உதறிச் செருகினாள். "பி.காம். மாப்பிள்ளைன்னு எங்கப்பா அஞ்சு பவுன் கூடப் போட்டாரு."

"அதத்தான் இப்ப உம்மவ பீஸுல கழிக்கப் போறாங்கல்லா!"

மறுநாள் இ-சேவை மையத்துக்குப் போனோம். உறுதிமொழிப் படிவத்தில் பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். அத்தான் வளைத்து வளைத்துப் பேரை எழுதினார். பேனா அதோடு நிற்காமல், பழக்கதோஷத்தில் 'பி' போட்டுப் புள்ளியும் வைத்துவிட்டது. மகள் பாய்ந்து படிவத்தைப் பிடுங்கினாள். வேறு படிவம் வாங்கினோம்.

இப்போது தெருவில் யார் வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தாலும் யோசனை கேட்டு அத்தானிடம்தான் வருகிறார்கள். என்னை யாரும் சீண்டுவதில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்துபோன பிறகு அத்தான் வெகுநேரம் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்.

"பாவம்லே. மனுஷன் எல்லாப் பேப்பரும் பாஸ் பண்ணித் தொலச்சிருக்கான்."