குருவியைத் தூக்கியது யார்?

கே: ஃப்ளாப்பி பேர்ட் குருவிக்கு என்னதான் ஆச்சு? தேடினால் போலிகள்தான் வருகின்றன.

ப: வளர்த்தவரே கூண்டோடு தூக்கிவிட்டார். வியட்நாம்காரர் டாங் நுயென் அதை வெளியிட்டது 2013 மே மாதம். பல மாதங்கள் சீந்துவார் இல்லாமல் கிடந்த ஆட்டம், 2014 ஜனவரியில் பதிவிறக்கப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. விளம்பரத்தில் மட்டும் தினம் 50,000 டாலர் வருவதாகச் செய்தி. பிப்ரவரியில், இன்னும் 22 மணி நேரம்தான் என்று ட்விட்டரில் அறிவித்தார், சொன்னபடியே எடுத்துவிட்டார்.

ஆட்டத்தில் இருந்தது ஒரே வேலை. திரையைத் தட்டினால் குருவி ஓர் எம்பு எம்பும், விட்டால் கல்லாக விழும். பச்சைக் குழாய்களின் சந்தில் நுழையும்போது லேசாக உரசினாலும் கதை முடிந்தது. அடுத்த நொடியே மறுபடி தொடங்கலாம் என்பதால் போனைக் கீழே வைக்க மனசு வராது. அந்தப் போதையைப் பார்த்துத்தான் எடுத்ததாக ஃபோர்ப்ஸ் இதழிடம் நுயென் சொன்னார். காசு கொட்டும்போது கடையைச் சாத்திய அந்த மனிதரை மெச்சத்தான் வேண்டும்.

கே: முன்பே போனில் ஏற்றி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்களா?

ப: அப்போதைக்குத் தப்பித்தார்கள். அந்தக் குருவியோடு பழைய போன்கள் இ-பேயில் விலைக்கே வந்தன. ஆனால் 2017 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 11, பழைய 32-பிட் செயலிகளை ஓட்ட மறுத்துவிட்டது. புதுப்பிக்க ஆளில்லாத ஏராளமான ஐபோன் ஆட்டங்கள் அன்றோடு போயின.

கே: விருது வாங்கிய ஆட்டத்தையுமா மூடுவார்கள்?

ப: மூடினார்களே! ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் மொபைல் 2022 மே மாதம் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த ஐபோன் விளையாட்டு என்று ஆப்பிள் அதற்கு விருது கொடுத்தது. 2023 மே 1-ல் சர்வரை நிறுத்திவிட்டார்கள். இத்தகைய ஆட்டங்களில் போனில் இருப்பது வாசல் மட்டும். வீடு சர்வரில் இருக்கிறது. அங்கே விளக்கை அணைத்தால் இங்கே தட்டிப் பயனில்லை.

கே: பப்ஜியில் சேர்த்து வைத்த துப்பாக்கி, சட்டையெல்லாம் போச்சா?

ப: 2020 செப்டம்பர் 2-ல் இந்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30-ல் சர்வரும் நின்றது. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை அங்கே மாற்ற வழி விட்டார்கள். 2022 ஜூலையில் அதுவும் கடையிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பியது. அந்தப் பத்து மாதமும் பையன்கள் தவித்த தவிப்பு வீட்டுக்கு வீடு தெரிந்ததுதான்.

கே: மூடித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி மூடலாம்?

ப: நின்டெண்டோ வழி காட்டியிருக்கிறது. அனிமல் கிராசிங் பாக்கெட் கேம்ப் சர்வரை 2024 நவம்பரில் நிறுத்தியது. அடுத்த சில நாளிலேயே, ஒருமுறை காசு கொடுத்து வாங்கித் தனியாகவே ஆடக்கூடிய பதிப்பைக் கொடுத்தது. ஏழு வருஷம் பார்த்துப் பார்த்து அடுக்கிய நாற்காலி, கூடாரம் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுபோக முடிந்தது. ஆடுகிறவர்களின் உழைப்பை மதிக்கும் எந்த நிறுவனமும் இவ்வளவாவது செய்ய வேண்டும்.

கே: நோக்கியா பாம்பு?

ப: 1997-ல் நோக்கியா 6110-க்காக டனேலி அர்மான்டோ எழுதியது. சர்வர் இல்லை, கணக்கு இல்லை, மொத்த ஆட்டமும் போனுக்குள்ளேயே. அலமாரியில் அந்தப் போன் கெடாமல் இருந்தால் போதும், நல்ல பேட்டரி போட்டதும் பாம்பு ஓடும்.