சும்மா இருக்க ஒரு மெஷின்

நெற்றியில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டால் உங்கள் மனசு இப்போது அமைதியாக இருக்கிறதா, அலைபாய்கிறதா என்று செல்போன் சொல்லிவிடும். இன்றைக்கு இது பெரிய பிஸினஸ். இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது யார் தெரியுமா? ஒரு குதிரை.

1890-களின் தொடக்கம். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்று ஓர் இளைஞர். வானசாஸ்திரம் படிக்கிறேன் என்று ஜெனா யுனிவர்சிட்டிக்குப் போனவர், ஒரே செமஸ்டரில் அலுத்துப்போய்க் குதிரைப்படையில் சேர்ந்துவிட்டார். ஒருநாள் பயிற்சியின்போது குதிரை முன்னங்கால்களைத் தூக்கியது. பெர்கர் தரையில். எதிரே பீரங்கி வண்டி. சக்கரம் கடைசி நொடியில் நின்றது. அன்று சாயங்காலமே அப்பாவிடமிருந்து தந்தி வருகிறது, நலம் விசாரித்து! ஊரில் இருந்த சகோதரி, ‘அவனுக்கு என்னவோ ஆயிருக்கு’ என்று அடம்பிடித்து அப்பாவைத் தந்தி அடிக்க வைத்திருக்கிறாள்.

நாமாக இருந்தால் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். பெர்கர் வேறு மாதிரி யோசித்தார். ‘ஆபத்தில் என் மூளை அலறியிருக்கிறது. அது அவள் மூளைக்குக் கேட்டிருக்கிறது!’ (பிள்ளை பஸ்ஸில் போனாலே ‘மனசு சரியில்லை’ என்று சொல்லும் அம்மாக்கள் நம்மிடம் லட்சக்கணக்கில் உண்டு. பஸ் ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்த நாட்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.) மூளை எப்படி ஒலிபரப்புகிறது என்று கண்டுபிடித்தே தீருவது என முடிவெடுத்து, வானத்தைக் கைவிட்டு மருத்துவம் படிக்கப் போனார். ஒரே ஒரு தந்திக்காக டாக்டரானவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

டாக்டரானபின் ஆளே மாறிப்போனார். ஜெனா மனநல மருத்துவமனையின் டைரக்டர். கடிகாரத்தைப் பார்த்து நடப்பார். சிரிப்பு அபூர்வம். நேற்றைக்கும் இன்றைக்கும் கார்பன் காப்பி மாதிரி ஒரு வாழ்க்கை. ஆனால் சாயங்காலமானால் ரகசிய லேப்! மூளையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அளந்தார். பிரயோஜனமில்லை. மூளையின் சூட்டை அளந்தார். அதுவும் புஸ். கடைசியில் மின்சாரத்துக்கு வந்தார்.

அங்கே ஏற்கெனவே ஒரு குடுமிப்பிடிச் சண்டை நடந்து முடிந்திருந்தது. 1890-ல் அடோல்ஃப் பெக் என்ற போலந்துக்காரர், விலங்குகளின் மூளையில் மின்சாரம் ஓடுகிறது என்று எழுதினார். உடனே வியன்னாவிலிருந்து ஃப்ளைஷ்ல் என்ற பேராசிரியர் கையைத் தூக்கினார். ‘நான் 1883-லேயே கண்டுபிடித்துவிட்டேன். ஒரு கவரில் எழுதி, சீல் வைத்து அகாடமியில் கொடுத்திருக்கிறேன்!’ பிரித்தால், நிஜமாகவே அப்படித்தான் எழுதியிருந்தது. (இவர் சிக்மண்ட் ஃப்ராய்டின் நண்பர். இவருடைய மார்ஃபின் பழக்கத்தை நிறுத்த ஃப்ராய்ட் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? கொக்கெய்ன்!) இரண்டு பேரும் முட்டிக்கொண்டிருந்தபோது லிவர்பூலிலிருந்து ரிச்சர்ட் கேட்டன் ஒரு கடிதம் போட்டார். ‘ஐயா, இதை நான் 1875-லேயே முயலிலும் குரங்கிலும் பார்த்து அச்சடித்தும்விட்டேன்.’ யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். மனுஷர் பின்னாளில் லிவர்பூல் மேயராகிவிட்டார். அந்தப் பதவியிலாவது சொன்னதை நாலு பேர் கேட்டிருப்பார்கள்.

பெர்கருக்கு வேண்டியது மனித மூளை. 1924-ல் மண்டையில் ஆபரேஷன் நடந்த ஒரு 17 வயதுப் பையனிடம் முதல்முறையாக அலையைப் பிடித்தார். அப்புறம்? வீட்டிலேயே மண்டைகள் இருந்தனவே! மகன் கிளாஸ் தலையில் எலெக்ட்ரோடு. மகள் இல்ஸே தலையில் எலெக்ட்ரோடு, கூடவே மனக்கணக்கு. (ஹோம்வொர்க் போதாதென்று இது வேறு.) கண்ணை மூடிச் சும்மா படுத்திருந்தால் நொடிக்குப் பத்து தடவை அழகாக ஏறி இறங்கும் அலை. ஆல்ஃபா என்று பெயர் வைத்தார். கணக்குப் போடச் சொன்னதும் அலை காணாமல் போனது! மனித சிந்தனையைப் படம்பிடிக்கப் போனவருக்குக் கிடைத்தது, சிந்தனை லீவில் இருக்கும்போது வரும் அலை.

அதையும் உடனே வெளியிடவில்லை. தசைத் துடிப்பாக இருக்குமோ, மெஷின் கோளாறோ என்று ஐந்து வருஷம் தன்னையே குறுக்குவிசாரணை செய்துகொண்டார். 1929-ல் வெளியிட்டார். உலகம் கொட்டாவி விட்டது. 1934-ல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன், நோபல் வாங்கிய கையோடு, ‘இந்த ஜெர்மன்காரர் என்ன உளறுகிறார், பார்ப்போம்’ என்று தன் தலையிலேயே மாட்டிப் பார்த்தார். கண்ணை மூடினார். அலை ஜோராக வந்தது. கூட வேலை பார்த்த மேத்யூஸுக்கோ சரியாகவே வரவில்லை. அடுத்து ஒரு நீர் வண்டுக்கு மாட்டினார்கள். இருட்டில் இருந்தபோது அதற்கும் சீரான அலை! ஆக, ஒரு நோபல் மேதைக்கும் ஒரு வண்டுக்கும் ஒற்றுமை உண்டு என்று நிரூபணமானது. மேத்யூஸ் எந்தப் பக்கம் சேர்த்தி என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, தந்தி அடிக்க வைத்த அந்த டெலிபதி? அந்த அலையின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஏதோ ஐம்பது பங்கு. டிவி ரிமோட்டில் போடும் பேட்டரியில் முப்பதாயிரத்தில் ஒன்று. மண்டையோட்டைத் தாண்டி வெளியே வருவதற்குள்ளேயே அதற்கு மூச்சு வாங்கிவிடும். அது எங்கே ஊர் தாண்டிப் போய்ச் சகோதரியைத் தட்டி எழுப்புவது? பெர்கருக்கும் இது புரிந்தது. ஆனாலும் விடவில்லை. 1940-ல் டெலிபதி பற்றி ஒரு குட்டிப் புத்தகமே போட்டார். தான் கண்டுபிடித்த கருவி ‘கிடையாது’ என்று சொன்னபிறகும் நம்பிக்கொண்டிருந்த விஞ்ஞானி!

இங்கே சிரிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாஜிகள் துரத்தியடித்த அப்பாவி மேதை என்று ரொம்ப நாள் பெர்கரைப் பற்றி ஒரு கதை ஓடியது. பின்னாளில் ஆவணங்களைக் கிளறியவர்களுக்குக் கிடைத்தது வேறு. மனநோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடைத் தீர்ப்பு எழுதிய நீதிமன்றத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். எஸ்.எஸ். அமைப்புக்குச் சந்தா கட்டிய ஆதரவாளர். 1941-ல் கடும் மனச்சோர்வில், தன் மருத்துவமனையிலேயே தற்கொலை செய்துகொண்டார். மனசைப் பார்க்க அவர் செய்த ஈஈஜி கருவியை மனநல டாக்டர்கள் அதிகம் தொடவில்லை. வலிப்பு நோய் பார்ப்பவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றும் ஈஈஜி என்றால் நமக்கு ஞாபகம் வருவது வலிப்புதான்.

ஆனால் ஆல்ஃபாவுக்கு இரண்டாவது இன்னிங்ஸ் இருந்தது. 1958 வாக்கில் சிகாகோவில் ஜோ காமியா என்ற உளவியலாளர், ஆல்ஃபா வரும்போது அதை உணர முடிகிறதா என்று ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். சிலர் சரியாகச் சொன்னார்கள். வேண்டும்போது வரவழைக்கவும் செய்தார்கள். அந்த நிலை சுகமாக இருக்கிறது என்றார்கள். 1968-ல் இது ஒரு பாப்புலர் பத்திரிகையில் வந்ததுதான் தாமதம், ஹிப்பிகள் ‘பத்து வருஷத் தவம் பத்தே நிமிஷத்தில்!’ என்று மெஷின் வாங்க ஓடினார்கள்.

தவம் என்றதும் நம் ஊர் ஞாபகம் வருகிறதா? அவர்களுக்கும் வந்தது. 1961-லேயே டெல்லி எய்ம்ஸில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளுக்கு ஈஈஜி எடுத்து எழுதியிருந்தார்கள். (இந்த பல்தேவ் சிங் வேலூர் சி.எம்.சி.யில் இருந்தவர். 1951-ல் மதராஸில் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவர்.) யோகி தியானத்தில் இருக்கும்போது கண்ணில் பளீர் வெளிச்சம் அடித்தார்கள். காதருகே டமார் என்று தட்டினார்கள். சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டார்கள். இரண்டு யோகிகள் 4 டிகிரி குளிர்நீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தார்கள். ஆல்ஃபா அசையவில்லை. கலிஃபோர்னியா இளைஞருக்கு இதில் காதில் விழுந்தது ‘ஆல்ஃபா’ மட்டும்தான், குளிர்நீர் விழவில்லை.

1970-களில் சில சந்தேகப் பிராணிகள் சோதித்தார்கள். பயிற்சி எடுத்தவர்களின் ஆல்ஃபா, கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்தால் வரும் அளவைத் தாண்டுவதாகக் காணோம். பெரும்பாலும் நடந்தது, எதையும் உற்றுப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது. பரவசம்? ‘பரவசம் வரும்’ என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களுக்குத்தான் அதிகமாக வந்தது.

அப்படியானால் எல்லாமே டுபாக்கூரா என்று கேட்டால், ஒரு பூனைக்கூட்டம் குறுக்கே ஓடுகிறது. கலிஃபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன், மூளையில் ஒரு குறிப்பிட்ட அலை வந்தால் பூனைக்குப் பாலும் கோழி சூப்பும் என்று பழக்கினார். அப்புறம் வேறொரு வேலை வந்தது. ராக்கெட் எரிபொருளின் நச்சுத்தன்மையைப் பூனைகளிடம் சோதிக்க வேண்டும். (நிலாவுக்குப் போவது மனுஷன், புகை குடிப்பது பூனை.) மற்ற பூனைகளுக்கு மளமளவென்று வலிப்பு வந்தபோது சில மட்டும் ரொம்ப நேரம் தாக்குப்பிடித்தன. யாரென்று பார்த்தால், பழைய கோழி சூப் கோஷ்டி! ‘நல்லாயிடும்னு நம்பினதால நல்லாச்சு’ என்று பூனையைச் சொல்ல முடியாது. பூனை எதையும் நம்பும் ஜாதியில்லை.

மனுஷ ஜாதி அப்படியா? சில வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் கவனக்குறைபாடு உள்ள 7 முதல் 10 வயதுக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு அவரவர் மூளை அலையை வைத்து வீடியோ கேம் பயிற்சி. இன்னொரு கோஷ்டிக்கு, ஏற்கெனவே பதிவு செய்த வேறொரு குழந்தையின் அலை. இது யாருக்கும் தெரியாது. முடிவில் அப்பா அம்மாவும் டீச்சரும் மார்க் போட்டார்கள். இரண்டு கோஷ்டியும் நன்றாக முன்னேற்றம், வித்தியாசமே இல்லை! எங்கோ இருக்கும் ஒரு பிள்ளையின் மூளை இங்கிருக்கும் பிள்ளையைத் திருத்துகிறது. பெர்கர் கேட்டிருந்தால் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பே போட்டிருப்பார்.

மெஷினைத் தலைக்கு வெளியே வைத்தால்தானே இந்தத் தகராறு? உள்ளேயே வைத்தவர் ஒருவர் உண்டு. யேல் பேராசிரியர் ஹோசே டெல்காடோ. 1963-ல் ஸ்பெயினில், மூளையில் எலெக்ட்ரோடு பொருத்திய காளை முன்னால் கையில் ரேடியோ ரிமோட்டுடன் போய் நின்றார். காளை பாய்ந்தது. பட்டனை அமுக்கினார். நின்றது! நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. கோபத்தையே அணைத்துவிட்டாராம். காளைக்குக் கோபம் போகவில்லை, கழுத்துதான் திரும்பிக்கொண்டது என்று பிறகு சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களில் ஒருவர்கூடக் காளை முன்னால் போய் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய அசல் சாதனை பேடி என்ற சிம்பன்ஸி. மூளையின் ஓரிடத்தில் குறிப்பிட்ட அலை வந்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, உடனே வேறோர் இடத்தில் அதற்குப் பிடிக்காத ஒரு கரண்ட் கொடுக்கும். ஆறே நாளில் அந்த அலை அநேகமாக அடங்கிவிட்டது. பேடியும் அடங்கிவிட்டது. எதிலும் ஆர்வமில்லாமல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. நம்மில் பலர் இந்த நிலைக்கு ஆபீஸ் போயே வந்துவிடுகிறோம்.

முதலில் சொன்ன பட்டைக்கு வருவோம். 2019-ல் சீனாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளின் நெற்றியில் பட்டை கட்டினார்கள். கவனித்தால் சிவப்பு விளக்கு, பராக்குப் பார்த்தால் நீலம். ஊரே கொதித்ததும் நிறுத்தினார்கள். கனடாவில் செய்த இன்னொரு பட்டை, மனசு அமைதியானால் செல்போனில் குருவி கத்தும். குருவி கத்துகிறதே என்று நீங்கள் சந்தோஷப்பட்ட மறுநொடி, குருவி கம்மென்று ஆகிவிடும்.

2021-ல் சான்ஃபிரான்சிஸ்கோ டாக்டர்கள், எந்த மருந்துக்கும் அடங்காத மனச்சோர்வில் இருந்த ஒரு பெண்ணுக்கு, பேடிக்குச் செய்த வேலையைத் தலைகீழாகச் செய்தார்கள். சோர்வு தலைகாட்டும் அலையைச் சிப் கண்டுபிடிக்கும். உடனே ஆறு நொடிக்கு, இதமான இடத்தில், மெல்லிய மின்சாரம். அவருக்கு நிஜமாகவே வாழ்க்கை திரும்பியது. ஒரே ஓர் ஆள் என்பதால் டாக்டர்களே அடக்கித்தான் வாசித்தார்கள். ஆனால் அந்த மெஷினுக்கு ஒரு கண்டிஷன் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 30 நிமிஷம்தான் வேலை செய்யும். மீதி 23½ மணி நேரத்தை அந்தம்மா நம்மைப்போலவே சொந்தமாகத்தான் சமாளித்தாக வேண்டும்.