படம் காட்டுகிறவர்

முதுகில் ரணசிகிச்சை செய்துகொண்டு பிழைத்தெழுந்தவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். மரக்காணத்தில் இருக்கிறவரை நான் அறிவேன் என்பதைவிட, அவருடைய இடுப்பு முள்ளெலும்புகளில் நான்காவதையும் ஐந்தாவதையும் நன்கு அறிவேன் என்று சொல்லுவதே பொருத்தம். நாளைக்கே அவருடைய முகம் எனக்கு மறந்துபோகலாம். அந்த இரண்டு எலும்புகளை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். ஏனெனில் அவர் தம் முகத்தை நமக்குக் காட்டுகிற நேரம் சொற்பம்; ஸ்கேன் படத்தை நம் கண்ணுக்கும் ஆகாயத்துக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் மறைந்து நின்று பேசுகிற நேரமே அதிகம்.

வெளியே புறப்பட்டால் கக்கத்தில் ஒரு பெரிய உறை இருக்கும். புதுச்சேரியில் ஏதோ ஒரு பரிசோதனைக் கூடத்தார் கொடுத்த அந்த உறை, மூலைகள் மடங்கி, உப்புக் காற்றில் பதம் கெட்டு, ஒட்டுநாடாவால் பன்முறை கட்டுப்போடப்பட்டு, இப்போது அதன் சொந்தக்காரரைக் காட்டிலும் அதிக சிகிச்சை பெற்றதாகக் காட்சியளிக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து டீக்கடையில் யாராவது ஒரு பாவி, வேறு பேச்சு அகப்படாத தோஷத்தினால், "உடம்பு எப்படி இருக்குங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், "நான் சொல்றது என்ன, நீங்களே பாருங்க" என்று உறையின் வாயைத் திறந்துவிடுவார். இந்தப் படங்களைப் பார்ப்பதற்கென்று ஆஸ்பத்திரிகளில் வெளிச்சப் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். மரக்காணத்தில் அதற்கு அவசியமே கிடையாது. தூத்துக்குடி, வேதாரணியம் என்று தமிழ்நாட்டில் உப்புக்குப் பேர்போன ஊர்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிற இந்த ஊரில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் மரமோ மறைப்போ இல்லாமல் பாத்தி பாத்தியாகப் பரந்து கிடக்கும் உப்பளத்தின்மேல், மேலிருந்து இறங்குகிற வெயிலும் உப்பிலிருந்து எழும்புகிற வெயிலும் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்கின்றன. பகவான் இந்தப் பிரதேசத்தைச் சிருஷ்டித்தது உப்பு விளைவதற்கா, இவர் படம் காட்டுவதற்கா என்று எனக்கு நெடுநாளாகவே சந்தேகம்.

படத்தைப் பார்ப்பதற்கு ஒரு கிரமம் உண்டு. "மேலேருந்து எண்ணக்கூடாது, கீழேருந்து எண்ணணும்" என்பார். எண்ணுவோம். "அடியிலே இருக்கிற திரிகாஸ்தி எலும்புக்கு மேலே, கறுப்பா ஒண்ணு நசுங்கித் தெரியுதா?" என்பார். தெரிகிறது என்று சொல்லும்வரையில் கையை இறக்கமாட்டார்; தெரிகிறது என்று உடனே சொல்லிவிட்டாலோ, "அது இல்லீங்க, அதுக்கு மேலே" என்பார். ஆகவே, முதலில் சற்றுத் திகைத்து, பிறகு மெல்லப் புரிந்துகொண்டு, கடைசியில் "அடடா!" என்று வியக்கிறவனே சீக்கிரமாக விடுதலை பெறுகிறான் என்பது அனுபவஸ்தர்கள் கண்டுபிடித்த உபாயம். அப்படியும் முழு விடுதலை இல்லை. இது முந்தி எடுத்த படம். பிந்தி எடுத்த படம் உறைக்குள்ளேயே இன்னும் இருக்கிறது. படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பிரசங்கம் செய்த நாளும் உண்டு. எண்ணிக்கை தவறியபோதுகூட அவர் ஒத்துக்கொள்ளவில்லை, வெயில் சாய்ந்துவிட்டது என்றார். பூமீஸ்வரர் கோயிலில் ஒரு பிரதோஷத்தன்று, குருக்கள் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு வெளியே வந்த சமயத்தில், அவ்வளவு நல்ல வெளிச்சம் வீணாவதைச் சகிக்காமல் இவர் உறையில் கையை விட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோயில் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. அவற்றைப் படிக்காமல் யாரும் நழுவிவிடலாம்; இவருடைய படத்தைப் படிக்காமல் நழுவுவது எளிதன்று.

பிந்தி எடுத்த படத்தில்தான் கதாநாயகர்களாகிய நான்கு திருகாணிகளும் இரண்டு கம்பிகளும் பிரவேசிக்கின்றன. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பிதுங்கிய வட்டை அகற்றிவிட்டு, அவற்றைச் சேர்த்து முடுக்கியிருக்கிறார்கள், எல்லாம் டைட்டேனியம். மரக்காணத்தில் இரும்பின் ஆயுள் என்ன என்பது ஊராருக்குத் தெரியும். ஜன்னல் கம்பி, சைக்கிள் சக்கரம், மோட்டார் பம்பு, கதவின் கீல் எதுவாயினும் உப்புக் காற்று அதைச் சிறுகச் சிறுகத் தின்றுவிடும். ஆகையால், "இந்த ஊர்ல துருப்பிடிக்காதது என் முதுகு ஒண்ணுதான் சார்" என்று அவர் மார்தட்டும்போது, அதில் அகம்பாவம் கொஞ்சமும் உண்மை நிறையவும் இருக்கிறது. நம்முடைய ரத்தமும் உப்பு நீர்தானே. அதில் கிடந்தும் அந்த உலோகம் அரிக்கப்படாமைக்குக் காரணம், அதன் மேற்பரப்பில் தானாகவே படர்ந்துகொள்ளும் மெல்லிய ஆக்ஸைடுப் படலம். இந்தத் திருகாணிகளின் பிரதாபத்தை உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று சென்னை மெட்ரோ ரயில் நிலையத்தின் சோதனை வாசலில் இவர் நெஞ்சை நிமிர்த்தி நுழைந்தாராம். டைட்டேனியத்துக்குக் காந்த குணம் கிடையாது. அந்த வாசல்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அன்றும் யந்திரம் வாயைத் திறக்கவில்லை. காவலரிடம் தாமே விஷயத்தைச் சொல்லி உறையை அவிழ்த்தார் என்பது நான் சொல்லாமலே விளங்கும்.

சட்டைக்கு மேலே பெல்ட் கட்டிக்கொள்வது, கைவைத்த நாற்காலியைக் கல்யாணப் பந்தலுக்குக் கூடவே கொண்டுவருவது, வேகத்தடையில் ஏறி இறங்கிய பஸ் டிரைவரோடு தர்க்கம் செய்வது முதலியவற்றையெல்லாம் விரித்தால் இடம் போதாது. கிரிக்கெட் வீரர் பும்ரா 2023 மார்ச்சில் நியூஸிலாந்தில் முதுகுக்கு ரணசிகிச்சை செய்துகொண்டபோது, "எனக்குப் பண்ண அதே இடம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்ததை மட்டும் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. பும்ராவுக்கு நேர்ந்தது பந்து வீசி வீசி எலும்பில் விழுந்த விரிசல். இவருடையது வட்டுப் பிதுக்கம். பந்து வீசியதாக இவர்மேல் யாரும் பிராது கொடுத்ததில்லை.

இந்தப் படிப்பு தம் படத்தோடு நின்றிருந்தால் ஆக்ஷேபம் இல்லை. இப்போது பிறர் படங்களையும் படிக்கத் தொடங்கிவிட்டார். வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதனால்தான் இடுப்பிலிருந்து காலுக்கு வலி ஓடுகிறது என்று மிக்ஸ்டர், பார் என்னும் இரண்டு பாஸ்டன் வைத்தியர்கள் 1934-இல் எழுதி, முதுகு ரணசிகிச்சைக்கு வழி திறந்துவிட்டார்கள். அதற்கு அறுபது ஆண்டு கழித்து, 1994-இல், அவர்கள் எழுதிய அதே நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வேறொரு சங்கதி வெளிவந்தது. முதுகுவலியே அறியாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு 52 பேருக்கு ஏதேனும் ஒரு வட்டாவது புடைத்திருந்தது. எல்லா வட்டும் செம்மையாக இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தாம். அதாவது, நல்ல திடகாத்திரமான ஆசாமியைப் பிடித்துப் படம் எடுத்தாலும் அதில் நம்மவர் விரலை வைத்துக் காட்டுவதற்கு ஏதாவது ஒன்று இருக்கவே இருக்கும். அவர் காட்டுகிறார். "உங்களுக்கும் நாலு-அஞ்சுதான்" என்று, சம்பந்தம் பேச வந்த இடத்தில் கோத்திரம் பொருந்தியது போலப் பூரித்துப்போகிறார். காலுக்கு ஓடும் இந்த வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ கத்தி படாமலே தணிந்துவிடுகிறது என்பதும், கால் பலம் குன்றுவது, மலஜலம் கட்டுத் தப்புவது ஆகிய குறிகள் கண்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது என்பதும் வைத்தியர் அவருக்குச் சொல்லாமலா இருந்திருப்பார்? சொல்லியிருப்பார். அதெல்லாம் படத்தில் தெரிவதில்லை; ஆகையால் இவர் ஞாபகத்திலும் இல்லை.

ஆயினும் மனுஷன் பட்ட பாட்டை நினைத்தால் கோபம் தணிந்துவிடுகிறது. வருஷக்கணக்காக அந்த வலியோடு வாழ்ந்தவர். எண்ணெய், தைலம், கட்டு, பத்தியம் என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தார். தம் அளத்தில் விளைந்த உப்பையே சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து, இரவெல்லாம் மனைவி ஒத்தடம் கொடுக்க, விடியும் முன்பு எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதிருக்கிறார். தும்மல் வந்தால் பயம். புரண்டு படுப்பதற்கு முன் யோசனை. பெண்ணின் கல்யாணத்தில் மணையில் உட்கார இயலாமல் தூணில் சாய்ந்தபடியே தாரை வார்த்த விஷயம் ஊருக்கே தெரியும். இவ்வளவு காலமும், "எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லியே" என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியுமே தவிர வட்டு தெரியாது. வேலைக்கு அஞ்சி வேஷம் போடுகிறார் என்று உறவினரே முணுமுணுத்தார்கள். அப்படிப்பட்டவருக்கு, அவர் பொய் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சியாக முதன்முதலில் கிடைத்தது அந்தப் படம். சிகிச்சை முடிந்த மறுநாளே தாதி கையைப் பிடித்துத் தூக்கி நடக்கவைத்தபோது, கால்வலி இருந்த இடம் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி இன்றைக்கும் கண் கலங்குகிறார். சாட்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் இருக்கிறது.

அந்த நியாயம் அளத்தில் வந்து கெட்டுவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாதம் பிறந்து, பாத்திகளைச் செப்பனிட்டு மிதித்துத் தரை கட்டியபின், அடுத்த மழைவரையில் இங்கே உப்புக் காலம். வெயிலுக்கு முந்திக்கொள்ள வேண்டி, இருட்டிலேயே பெண்கள் இறங்கிவிடுவார்கள். ஆண்கள் பலகை போட்டு வாரி ஒதுக்கிய உப்பை, குனிந்து கூடையில் அள்ளி, தலையில் ஏற்றி, வரப்பின்மேல் நடந்து அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பவும் குனிவார்கள். நம்மவர் இந்த அளத்தில் ஒரு பகுதிக்குக் குத்தகைக்காரர். வரப்பில் நாற்காலி போட்டு அமர்ந்து, ஆஸ்பத்திரியில் தமக்குச் சொல்லி அனுப்பிய பத்தியத்தை அவர்களுக்கு உபதேசிக்கிறார். "ஏம்மா, இடுப்ப வளைக்காதே! முழங்கால மடக்கி உட்கார்ந்து தூக்கு! உடம்பத் திருப்பாதே!" ஒரு நாள் ஒரு கிழவி நிமிர்ந்து பார்த்து, "குனியாம அள்ளுன்னா, பாத்தியத் தூக்கி பெஞ்சு மேல வெச்சுக் குடு மொதலாளி" என்றாள். அளமே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டு உறையைத் தேடினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிழவி இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறாள். நாகெம்ஸன் என்னும் ஸ்வீடன் வைத்தியர் 1960-களில் மனிதருடைய வட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைக் காட்டிலும் உட்காருவதிலும், அதைக் காட்டிலும் குனிந்து பாரம் தூக்குவதிலும் அது மிகுகிறது என்று கண்டார். அவர் ஊசியால் கண்டதை இவள் உடம்பால் கண்டிருக்கிறாள். ஆனால் இவளுக்கு வெயிலில் பிடித்துக் காட்டுவதற்கு ஒரு படம் இல்லை. ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலியும் இல்லை. "வயசாச்சு, இடுப்பு பிடிக்குது" என்று அவளே தன் நோயைத் தள்ளிவிடுகிறாள். நான்கு-ஐந்தின் மகிமையை ஊரெல்லாம் தேடித் தேடிச் சொல்லுகிறவர், தம் பாத்தியிலேயே அது கால் இழுத்து நடப்பதைக் கண்டும் யாதொரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் கூடையின் பாரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும் அல்லவா?

மறுபரிசோதனைக்காக அவர் அவ்வப்போது வாடகைக் கார் வைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போகிறார். சுமார் 35 கிலோமீட்டர். பின் ஸீட்டில் உறை மட்டுந்தான் உட்கார்ந்துகொண்டு போகிறது. அடுத்த தடவை உறையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கிழவியை ஏற்றிக்கொள்ளட்டும். அவளுக்கு அன்றைய கூலியையும் கொடுத்துவிடட்டும். போகும்போதும் வரும்போதும் அவருடைய படங்களை, முந்தியதும் பிந்தியதுமாக, எத்தனை முறை காட்டினாலும் அவள் அலுக்காமல் பார்ப்பாள். அதற்கு நான் ஜாமீன்.