தூம்புவழி எலி வரவு: திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

எலி வீட்டுக்குள் வருகிறது என்பதில் அறிஞர்களுக்குள் பேதமில்லை. எந்த வழியாக வருகிறது என்பதில்தான் பேதம். அறிஞர்கள் என்று இங்கே சுட்டப்படுவோர் மூவர்: திண்டிவனத்தில் குடியிருக்கும் இக்கட்டுரையாளன், விழுப்புரத்தில் குடியிருக்கும் அவன் மச்சான், இரு வீட்டுக்கும் பைப் வேலை பார்க்கும் பிளம்பர்.

குளியலறைத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் கொண்டு விடுகிற நாலங்குலப் பைப் வழியே எலி நடந்து வருகிறது என்பது திண்டிவனப் பள்ளியின் கொள்கை. கக்கூஸ் கோப்பை வழியே நீந்தி வருகிறது என்பது விழுப்புரப் பள்ளியின் கொள்கை. அந்த ஊரில் பாதாளச் சாக்கடை இருப்பதால் அவர்களுக்கு எதுவும் ஆழத்திலிருந்து வருவதாகத்தான் தோன்றும். பிளம்பர் இரண்டிலும் சேராதவர். “ரெண்டு வழியாவும் வரும் சார்” என்பார். இரண்டு வேலைக்கும் கூலி உண்டு என்பதால் இதை நடுநிலை என்று கொள்வதற்கில்லை.

மச்சானின் கொள்கையை முற்றாகத் தள்ளவும் முடியாது. கோப்பைக்குக் கீழே வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீரின் காப்பு சுமார் இரண்டு அங்குலம்தான். அது நாற்றத்தைத் தடுக்கும். மூச்சை அடக்கி நீந்தத் தெரிந்த சாக்கடை எலியைத் தடுக்காது. ஆனால் அந்த நார்வே எலி நம் நாட்டில் பெரும்பாலும் துறைமுக நகரங்களின் பிரஜை. விழுப்புரத்தில் இருப்பது ரயில்வே ஜங்ஷன், துறைமுகமல்ல என்று மச்சானுக்கு இரண்டு தீபாவளிகளில் எடுத்துச் சொல்லியாயிற்று. நம் பக்கத்துச் சாக்கடைகளில் ஆட்சி செய்வது பெருச்சாளி. அதைக் குறிக்கச் சொல் இல்லாமல் தவித்த வெள்ளைக்காரன், பன்றி எலி என்று பொருள்படும் தெலுங்கின் ‘பந்திக்கொக்கு’வை வாங்கி ‘பாண்டிகூட்’ ஆக்கிக்கொண்டான். பிறகு ஆஸ்திரேலியாவில் எலிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பைப்பிராணிக்கும் அதே பெயரைச் சூட்டினான். பெயர் வைப்பதில் இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் போட்ட சாக்கடைத் திட்டங்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

கள ஆய்வு தொடங்கியது 2024 நவம்பர் 30 இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வயலும் வரப்பும் முழுகின. வளையில் தண்ணீர் புகுந்தால் எலி மேடு தேடும்; மேட்டில் இருந்தது நம் வீடு. அன்றிரவு குளியலறையில் ஏதோ ஓடியது. “பெருச்சாளி” என்றான் கட்டுரையாளன். “மூஞ்சூறுங்க, பிள்ளையார் வாகனம், அடிக்காதீங்க” என்றார் மனைவி.

மூஞ்சூறு எலியே அல்ல. கொறிக்கும் பல் அதற்குக் கிடையாது. கரப்பானையும் பூச்சியையும் தின்று பிழைக்கிறது. சாக்கடை வழியே அது வந்தால் வரவேற்க வேண்டும், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால். ஆகவே வந்தது யார் என்று நிறுவாமல் பொறி வைப்பது முறையன்று.

நிறுவும் கருவி வீட்டிலேயே இருந்தது. தூம்பைச் சுற்றியும் குளியலறை வாசலிலும் கோலமாவைத் தூவிவிட்டுப் படுத்தால் விடிகாலையில் ஏடு தயார். எலியின் முன்காலில் நான்கு விரல் பதியும், பின்காலில் ஐந்து. மூஞ்சூறுக்கு நான்கு கால்களிலும் ஐந்தைந்து. ஒரு எச்சரிக்கை: கல்மாவையே தூவவேண்டும். முதல்நாள் பச்சரிசி மாவைத் தூவியதில் ஆய்வுப்பொருள் ஆய்வுக்கருவியைத் தின்றுவிட்டது.

பைப் வெளியே எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க மேல்நாட்டுப் பொறியாளர்கள் சாக்கடைக்குள் புகையைச் செலுத்தி, அது எங்கே கசிகிறது என்று கவனிப்பார்கள். இதைப் பெரிய நுட்பமாக எழுதிவைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து இருளர்கள் ஓட்டைப் பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வளையின் மற்ற வாய்களை அடைத்து, புகையை ஊதி எலி பிடிப்பது இதே நுட்பம்தான். கூடுதலாக, எலி வளையில் சேர்த்துவைத்த நெல்லும் அவர்களுக்குக் கிடைக்கும். மேல்நாட்டு முறையில் உடைந்த பைப் மட்டுமே கிடைக்கிறது.

இனி அடைப்பியல். பிளம்பரின் பரிந்துரைகள் மூன்று. சேம்பருக்குள், வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவு: தண்ணீர் போகும், எலி வராது. (விக்கிரவாண்டி டோல்கேட்டைவிட இது நேர்மையானது, அது இரு திசையிலும் வாங்குகிறது.) முடியும் துணியும் சிக்கிக்கொண்டால் கதவு மூடாது என்பதால் அவ்வப்போது திறந்து சுத்தம் செய்ய ஆள் வேண்டும். அடுத்தது, பைப்பைச் சுற்றியுள்ள இடுக்கில் கண்ணாடிச் சில்லு கலந்த சிமென்ட். அரை அங்குல ஓட்டை போதும், குட்டி எலி நுழைந்துவிடும். மூன்றாவது, தூம்பில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிய எஃகு ஜாலி. நம் வீடுகளில் ஜாலி சும்மா எடுத்து வைப்பதற்கென்றே செய்யப்பட்டது; எலி அதைத் தலையால் தூக்கிவிட்டு, நல்ல விருந்தாளியைப்போல, திரும்பிப் போகும்போதும் மூடுவதில்லை.

மூன்றுக்கும் செலவு கேட்டபோது கட்டுரையாளன் மரபுவழித் தீர்வுகளின்பால் திரும்பினான். தூம்பு என்ற சொல் ஏரியின் நீர்வழிக்கும் வீட்டின் சாக்கடை வாய்க்கும் பொது. இரண்டையும் அடைக்கும் கலை நமக்குப் புதிதல்ல. பழந்துணி: ஒரே இரவில் எலிக்குப் படுக்கையானது. கொட்டாங்கச்சி: மிதந்தது. செங்கல்: பெருச்சாளி நகர்த்தியது. கடைசியாகக் கிடைத்தது ஆட்டுக்கல் குழவி. கிரைண்டர் வந்த நாள் முதல் கொல்லையில் வேலையற்றுக் கிடந்த அந்தக் கல், அடி குறுகி மேல் பருத்து, தூம்புக்கென்றே கொத்தியதுபோல் உட்கார்ந்தது. மாமியாருக்கு மாவரைத்த கல் இப்படிக் காவல் வேலைக்கு வந்ததில் மனைவிக்கு வருத்தம். அதைவிடப் பொருத்தமான உத்தியோகம் அதற்குக் கிடைத்திருக்காது என்பது ஆய்வாளன் கருத்து.

குழவிக்கு ஒரே குறை: குளிக்கும்போது நகர்த்தவேண்டும், குளித்தபின் திரும்ப வைக்கவேண்டும். முதலில் குளிப்பவர் வைக்காவிட்டாலும் அடுத்தவர் வைப்பார். ஆக, எலி வரவின் முழுப்பொறுப்பும் கடைசியில் குளிப்பவர்மீது விழுகிறது. சாக்கடை ஆய்வாகத் தொடங்கியது இவ்விடத்தில் குடும்ப ஆய்வாகிவிட்டது. யார் கடைசி என்று கேட்டதற்கு நால்வர் வீட்டில் நால்வரும் நான் இல்லை என்றனர்.

ஆகவே மீண்டும் கோலமாவு. திருவக்கரைக் கல்மரங்களை ஆராய்வோர் எந்த அடுக்கு கீழே, எந்த அடுக்கு மேலே என்று பார்த்துக் காலம் கணிப்பார்கள். அதே முறையில் காலை ஐந்தரைக்கு வாசல் மாவு ஆராயப்பட்டது. சுவரோரம் மூஞ்சூறு, ஐந்தைந்து விரல், குற்றமற்றது. நடுவில் எலி, நான்கும் ஐந்தும், உள்ளிருந்து வெளியே. எலியின் சுவடு இன்னொரு சுவட்டின்மேல் பதிந்திருந்தது. ஆகவே அந்த இன்னொன்று காலத்தால் முந்தியது. ஐந்து விரல், இரண்டே கால், குதிகால் அகலம், இரவில் உள்ளே போய்க் குளித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. குழவி சுவரில் சாய்ந்து நின்றது.

“ஏங்க, இது எந்த வகை?” என்று கேட்டார் மனைவி.

ஒரே இரவின் தரவைக்கொண்டு முடிவு கட்டுவது ஆய்வு நெறியன்று என்று அவருக்கு விளக்கிவிட்டு, மாவைக் கட்டுரையாளனே துடைப்பம் எடுத்துப் பெருக்கித் தள்ளினான்.