முதல் நாள் வீரர்

டிசம்பர் கடைசியில் நகைக்கடையில் கொடுத்த டைரியைப் பிரித்து, பிள்ளையார் சுழி போட்டு, 'நாளை முதல்' என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறாரே, அவர்தான் நம்மாள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லாயிருக்கேன்" என்று சொல்ல மாட்டார். "இன்னிக்கு மூணாவது நாள்" என்பார். எதற்கு மூன்றாவது நாள் என்று நாம் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார்.

இந்த முறை சர்க்கரை போடாத காபி. போன மாதம் தெலுங்கு. அதற்கு முந்தைய மாதம் விடியற்காலை நாலரை மணிக்கு எழுவது. எழுந்தார், பத்தரை மணிக்கு ஆபீஸில் தூங்கினார்.

அவர் வீட்டுக்குள் போனால் ஒரு போர்க்களத்தின் மிச்சங்களைப் பார்க்கலாம். யோகா பாய் மொட்டை மாடியில் வடாம் காயப் போட உதவுகிறது. ஐந்து கிலோ டம்பெல், காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. டைரியில் ஜனவரி 9 வரை அவர் கையெழுத்து. ஜனவரி 10 முதல் அவர் மனைவியின் பால் கணக்கு. ஒரு நாள்கூட விடுபடாமல் டிசம்பர் வரை ஓடுகிறது அந்தக் கணக்கு. அதற்கு யாரும் சவால் என்று பெயர் வைக்கவில்லை.

"21 நாள் விடாம செஞ்சா எதுவும் பழக்கமாயிடும். சயின்ஸ் சார்!" என்பது அவருடைய வேதவாக்கு. அந்த 21 வந்த வழி வேடிக்கையானது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் 'சைக்கோ-சைபர்நெட்டிக்ஸ்' என்றொரு புத்தகம் எழுதினார். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்பது அதில் அவர் குறித்து வைத்த அனுபவம். வாய்க்கு வாய் மாறியதில் 'குறைந்தது' உதிர்ந்துபோயிற்று. மூக்குக்குச் சொன்ன கணக்கை நம்மாள் தொப்பைக்கு எடுத்துக்கொண்டார்.

பத்தாயிரம் அடி நடக்கும் கதையும் அப்படித்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்து உடற்பயிற்சி மோகம் பரவியிருந்த நேரம். மறுவருஷம் ஒரு ஜப்பானியக் கம்பெனி காலடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'மான்போ-கெய்'. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். வியாபாரத்துக்கு வைத்த பெயர், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி உலகம் சுற்றி, நம்மாள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரவு பதினொன்றரைக்கு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே உலாத்துகிறார். "போறதுதான் போறீங்க, அந்தத் தயிரை எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.

உச்சக்கட்டம் '75 ஹார்ட்'. ஆண்டி ஃப்ரிசெல்லா என்ற அமெரிக்கர் 2019-இல் கிளப்பிவிட்டது. 75 நாளும் தினம் இரண்டு வேளை 45 நிமிடப் பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, பத்துப் பக்கம் படிப்பு, ஒரு போட்டோ, ஒரு கேலன் தண்ணீர். ஒன்று தவறினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். நம்மாள் முதல் நாளை மட்டும் பதினோரு முறை வெற்றிகரமாக முடித்திருக்கிறார். ஒரு கேலன் என்பது கிட்டத்தட்ட 3.8 லிட்டர். தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. இந்த இரண்டு உண்மைகளும் சந்தித்த இடம் சேத்துப்பட்டு ஸ்டேஷன். அவசரமாக இறங்கி ஓடினார். அன்றோடு கேலன் முடிந்தது.

இத்தனைக்கும் அவர் படிக்காதவர் இல்லை. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பயின்ற கதை அவருக்கு மனப்பாடம். தவறிய நாளெல்லாம் ஃப்ராங்க்ளின் ஒரு புள்ளி வைத்தார். அடுத்த சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி நோட்டே ஓட்டையாகி, கடைசியில் அழித்து எழுதக்கூடிய, தந்தத்தாலான ஏட்டுக்கு மாறினார். சுயசரிதையில் அந்த மனிதரே சொல்லும் இந்தப் பகுதியை மட்டும் நம்மாள் சொல்வதில்லை.

ஒரு பழக்கம் படிய உண்மையில் எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதெல்லாம் சில்லறைக் காரியங்கள்: சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் உடற்பயிற்சி, இப்படி. பழக்கமாவதற்கு ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்காயிற்று, நடுமத்தி 66. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது என்பதும் தெரிந்தது.

இதைக் கேள்விப்பட்ட மனைவி, "ராத்திரி சாப்பிட்டதும் தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வாங்களேன், போதும்" என்றார். நம்மாள் அடிபட்ட பார்வை பார்த்தார். "தெருமுனையா? அதை வெளியில எப்படிச் சொல்லிக்கிறது?" நோயின் மூலம் அங்கேதான் இருக்கிறது. அவருக்கு வேண்டியது பழக்கம் அல்ல, அறிவிப்பு.

நாள் கணக்குச் சவால் நமக்கும் புதிதல்ல. மார்கழி நம் பாட்டிகளின் முப்பது நாள் சவால். நாளுக்கு ஒரு பாட்டாகத் திருப்பாவை முப்பது. இரண்டாம் பாட்டில் நெய்யும் பாலும் வேண்டாமென்று நோன்பைத் தொடங்கும் பெண்கள், இருபத்தேழாம் பாட்டில் நெய் வழியும் பால்சோற்றோடு அதை முடிக்கிறார்கள். போன மார்கழியில் நம்மாளும் சங்கல்பம் செய்துகொண்டார். இருபத்தாறு பாட்டுக்குத் தூங்கிவிட்டு, இருபத்தேழாம் பாட்டு வரும் கூடாரவல்லி அன்று அக்காரவடிசலுக்குச் சரியாக எழுந்துவிட்டார்.

இந்த வருஷ டைரி வந்துவிட்டது. அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் உங்கள் மேல்வீட்டில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டால் திருடன் என்று போலீசைக் கூப்பிட்டுவிடாதீர்கள். இன்னும் 400 அடிதான் பாக்கி. ஜனவரி 10-க்குமேல் சத்தம் இருக்காது.