தாலுகா ஆபீஸ் நாற்காலியும் மிலான் சந்தையும்

மிலான்

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வீட்டுக்கு மாடர்னா என்ன சாமான் போடலாம், அங்கே நடக்கிற பர்னிச்சர் கண்காட்சியைப் பார்த்துச் சொல்லுன்னு எழுதியிருந்தீங்க. பார்த்துட்டேனுங்க. சலோனே தெல் மோபிலேன்னு பேர், 1961-ல் ஆரம்பிச்சது. ஏப்ரல் மாசத்துல, ஊருக்கு வெளியே ரோ மைதானத்துல நடக்குது. மூணு லட்சம் பேருக்கு மேல வர்றாங்க. நம்ம பொள்ளாச்சிச் சந்தை மாதிரிதான், ஆனா அங்கே மாட்டோட பல்லையாவது பிடிச்சுப் பார்க்கலாம். இங்கே சில நாற்காலிகளைத் தொடவே கூடாது. என் தீர்ப்பை முதல்லயே சொல்லிடறேன்: இங்கே விலையில பெரும்பங்கு பேருக்குத்தான் போகுது. அந்தப் பேருக்கு நாம காசு கொடுக்க வேண்டாமுங்க.

ஆதாரம் கேப்பீங்க. 1950-களில் சண்டிகர் நகரத்தைக் கட்டினப்போ, அந்த நகரத்தைத் திட்டமிட்ட லெ கொர்பூசியேயின் உறவினர் பியர் ஜான்னரே அங்கேயே தங்கி, அரசாங்க ஆபீசுகளுக்குத் தேக்குலயும் பிரம்புலயும் நாற்காலி வடிவமைச்சார். யூலி சௌத்ரிங்கிற நம்ம நாட்டுக் கட்டடக் கலைஞரும் கூட இருந்தாங்க. செஞ்சது உள்ளூர்த் தச்சர்கள். தேக்கு எதுக்குன்னா, கரையானும் ஈரமும் அண்டாதுன்னுதான். பிரம்பு பிஞ்சதும் குமாஸ்தாக்கள் அதையெல்லாம் மூலையில குவிச்சாங்க. ஆபீஸ்காரங்க பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிட்டாங்க. வாங்கினவங்க பாலிஷ் போட்டு ஐரோப்பாவுல ஏலம் விட்டாங்க, ஒரு நாற்காலி பல லட்சம் ரூபாய்! 2011-ல் மத்திய உள்துறை விழிச்சு, விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாதுன்னு உத்தரவு போட்டுது. 2019-ல் இந்த ஊர்ப் பக்கத்துக் கம்பெனி கசீனா அதே வடிவத்தைப் புதுசா செஞ்சு சந்தைக்குக் கொண்டு வந்துடுச்சு. யோசிச்சுப் பாருங்க, மரமும் மாறலை, பிரம்பும் மாறலை, உட்கார்றவங்க முதுகும் மாறலை. தாலுகா ஆபீஸ்ல நாம முணுமுணுத்துக்கிட்டே உட்கார்ற நாற்காலிக்கு இது ஒண்ணுவிட்ட அண்ணன்தான். ஏலப் பட்டியல்ல ஜான்னரே பேர் கொட்டை எழுத்துல இருக்கும். இழைப்புளி பிடிச்ச தச்சர் பேர் இருக்காது.

வெறும் பேருக்கா இத்தனை கூட்டம்னு மச்சான் மடக்குவார். நியாயந்தான். அந்த வடிவத்துல அறிவு இருக்கு: கால் சாய்மானமா விரியறதால உறுதி, பிரம்பு காத்து விடறதால வேர்க்காது. அது நம்ம வெயிலுக்குன்னே யோசிச்ச வடிவம். குளிர்தேசத்துக்காரன் அதுக்கு ஏன் லட்சம் கொடுக்கிறான்னுதான் எனக்கு விளங்கலை. அந்த மாதிரி நாற்காலியை நம்ம ஆசாரியையே செய்யச் சொல்லலாமுங்க. தேக்கு விலை எட்டாதும்பீங்க. ஆனைமலைத் தேக்கை டாப்ஸ்லிப்புல உருட்டிவிட்டு பம்பாய்க்குக் கப்பல் கட்ட அனுப்பின காலத்துலயே அது நமக்கு எட்டலை. வேம்பும் பூவரசும் இருக்குங்களே. கடைச் சாமான்ல இருக்கிற பார்ட்டிகிள் போர்டு தண்ணி பட்டா உப்பிப் போகும், வேம்பு அப்படிப் போகாது. ஆசாரி சொன்ன தேதிக்கு வரமாட்டார்ங்கிற ஆட்சேபணைக்கு மட்டும் எங்கிட்டப் பதில் இல்லைங்க. ஆனா அவர் தாமதத்துல பாதி நம்மாலதான். மரத்தை அறுத்த பிறகு அளவை மாத்திச் சொன்னா அவர் என்ன பண்ணுவார்? இங்கே ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தாள்ல வரைஞ்சு முடிச்சுடறாங்க. இந்தச் சந்தையில இருந்து நாம வாங்க வேண்டியது அந்தப் பழக்கம்தான், அதுக்கு விலையும் இல்லை.

அதனால கூடத்தோட நீள அகலம், சன்னல் உயரம், அண்ணி உட்கார்ந்து காய் நறுக்கத் தோதான உயரம், எல்லாத்தையும் அளந்து எழுதி அனுப்புங்க. அது வந்து சேர்ற வரைக்கும் ஆசாரிக்கு முன்பணம் கொடுத்துடாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் தம்பி